பட்டா கையில் இருக்க, மறுபடி எதற்குக் கிரயம்?

பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு. காலை எட்டு மணி இருக்கும். விழுப்புரத்திலிருந்து சம்பந்தி போன் செய்தார். "சம்பந்தி, முடிஞ்சா இன்னைக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க. உங்க லேப்டாப்பையும் எடுத்துட்டு வாங்க" என்றார். குரல் சரியில்லை. என்ன ஏது என்று கேட்காமல் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டி அவர் வீட்டுப் படி ஏறும்போது பத்து மணி ஆகிவிட்டது.

சம்பந்தி ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பதினோரு வருடமாகத் தன் ஊரின் வரலாற்றை எழுதி வருகிறார். ஏரி எந்த வருடம் உடைந்தது, எந்தத் தெரு எப்போது வந்தது, மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டிகள் எந்த வழியாகக் கமிட்டிக்குப் போயின, பஞ்ச காலத்தில் யார் வீட்டில் கூழ் ஊற்றினார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியது. புத்தகமாகப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எழுபத்திரண்டு வயதில் அவருக்கு வேறு ஆசை இல்லை.

நடந்தது இதுதான். சென்ற அக்டோபரிலிருந்து அவருடைய லேப்டாப்பில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. பயந்துபோய் ஒரு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். கடைப் பையன், "அப்கிரேடு எல்லாம் சரியா வராது சார். ஸ்லோ ஆயிடும். ஃபார்மட் அடிச்சு ஃபுல் வெர்ஷன் போட்டுடலாம். ப்ரோ. டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும்" என்றானாம். மென்பொருளுக்கு 1,500 ரூபாய், கைக்கூலி 500. சாயந்திரமே கொடுத்துவிட்டான். அவசரமில்லாததால் சம்பந்தி இரண்டு வாரம் பேத்தியோடு வீடியோ காலில் பேசவும் செய்தி பார்க்கவும் மட்டும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். பிறகு ஒரு நாள் எழுத உட்கார்ந்தால், டெஸ்க்டாப்பில் இருந்த 'ஊர்' என்ற ஃபோல்டரைக் காணவில்லை.

டெஸ்க்டாப் என்று நாம் திரையில் பார்ப்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஓர் இடம். இது சம்பந்திக்குத் தெரியாது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடைப் பையனுக்குத் தெரியும். தெரிந்தவன் கேட்கவில்லை. தெரியாதவர் சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் என் கட்சி என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் வேண்டுமென்றால், முதலில் பார்க்க வேண்டியது அப்கிரேடு. ஃபுல் என்பது வேறு வழியே இல்லாதபோது, அதுவும் உடையவர் தன் கண்ணால் பார்த்து எல்லாவற்றுக்கும் நகல் எடுத்த பிறகு செய்ய வேண்டியது. நம் ஊர்க் கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. எந்த வியாதிக்கும் ஒரே ஊசி போடும் டாக்டர் மாதிரி, எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்". இது தவறு. நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு மிகப் பெரிய தவறு.

'ஃபுல்' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. ஃபுல் மீல்ஸ் என்றால் கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் வரும், லிமிடெட் என்றால் குறைவு என்று பழகிய காதுகள் நமக்கு. ஃபுல் வெர்ஷனில் எல்லாம் இருக்கும், அப்கிரேடில் ஏதோ குறைவு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் கடையில் அந்த ஒரு சொல்லுக்கு மூன்று அர்த்தம் ஓடுகிறது. ஒன்று, முழு உரிமம், அதாவது லைசென்ஸ். இரண்டு, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும் முறை. மூன்று, ஹோம் பதிப்புக்கு மேலான ப்ரோ பதிப்பு. முதலாவதைச் சொல்லிக் காசு வாங்கி, இரண்டாவதைச் செய்து, மூன்றாவதைத் திருட்டுத்தனமாகப் போட்டுக் கொடுப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

இந்த அப்கிரேடு, ஃபுல் என்ற பிரிவினை எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் இரண்டும் தனித்தனிப் பெட்டியாக விற்றன. ஏற்கெனவே பழைய விண்டோஸ் வைத்திருப்பவருக்கு அப்கிரேடு பெட்டி, இல்லாதவருக்கு ஃபுல் பெட்டி. 2001-இல் எக்ஸ்பி ஹோம் வந்தபோது அமெரிக்காவில் ஃபுல் 199 டாலர், அப்கிரேடு 99 டாலர். பாதி விலை. உள்ளே இருக்கும் சரக்கில் வித்தியாசம் கிடையாது. அப்கிரேடு சிடியைப் போட்டால், பழைய விண்டோஸ் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பழைய சிடியைச் செருகிக் காட்டச் சொல்லும். ரேஷன் கடையில் கார்டைக் காட்டுகிற மாதிரி. அவ்வளவுதான். அப்கிரேடு என்பது அரைச் சாப்பாடு அல்ல. பழைய வாடிக்கையாளருக்கான தள்ளுபடி.

நம் பக்கத்தில் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்த, மேலே மார்க்கர் பேனாவால் எழுதிய சிடிதான் நமக்குத் தெரியும். அந்தச் சிடியில் எப்போதும் ஃபுல்தான் இருக்கும். ஆக, நம் ஊர் மெக்கானிக்குகள் தொழில் கற்றதே ஃபார்மட் அடித்துத்தான். அன்றைக்கு அதில் நியாயமும் இருந்தது. விண்டோஸ் 98-இல் வைரஸ் புகுந்தால் துடைத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆனால் அது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதை. அந்தக் காலத்து மருந்துச் சீட்டை இன்றைக்கும் எழுதிக்கொண்டிருந்தால் எப்படி?

2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வந்தபோது இந்தக் கணக்கே மாறிவிட்டது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவச அப்கிரேடு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, உரிமமுள்ள விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு, கம்ப்யூட்டர் தகுதி பெற்றிருந்தால், அப்கிரேடு இலவசம். இன்றைக்கும் இலவசம்தான். தள்ளுபடி விலை என்பதே போய், சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைப்பதற்குத்தான் சம்பந்தி 1,500 ரூபாய் கொடுத்திருக்கிறார்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். எனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். உரிமம் என்பது பட்டா. பிராண்ட் லேப்டாப் விண்டோஸோடு வாங்கியபோதே அந்தப் பட்டா உங்களுக்குக் கிடைத்துவிட்டது. விலையிலேயே அது அடக்கம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்த லேப்டாப்புகளில் அந்த உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஹார்ட் டிஸ்கைத் துடைத்தாலும் அது அழியாது. விண்டோஸ் 10-க்குப் பிறகு, உங்கள் கம்ப்யூட்டரின் அடையாளத்தோடு சேர்த்து மைக்ரோசாஃப்டின் பதிவேட்டிலும் அது ஏறியிருக்கும். இதற்கு டிஜிட்டல் லைசென்ஸ் என்று பெயர். செட்டிங்ஸ் போய், விண்டோஸ் 10 என்றால் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', விண்டோஸ் 11 என்றால் 'சிஸ்டம்', அதற்குள் 'ஆக்டிவேஷன்' என்று பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று எழுதியிருந்தால், பட்டா உங்களுடையது. மறுபடி கிரயம் பண்ணத் தேவையே இல்லை.

1993 செப்டம்பரில் தென்னாற்காட்டைப் பிரித்தார்கள். நாம் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் ஆனோம். 1997-இல் தலைவர் பெயர் போய் வெறும் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனியாகப் போனது. இத்தனை மாற்றத்திலும், 'தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா' என்று எழுதிய பழைய பத்திரம் செல்லாமல் போனதா? யாராவது உங்களை நிலத்துக்கு மறுபடி காசு கட்டச் சொன்னார்களா? பதிவேடுகள் அப்படியே புது மாவட்டத்துக்கு வந்தன. மேலே பெயர் மாறியது, கீழே உரிமை தொடர்ந்தது. அப்கிரேடும் அப்படித்தான்.

இதில் இன்னொரு கூத்து. சம்பந்தியின் லேப்டாப்புக்கு இருந்த பட்டா ஹோம் பதிப்புக்கு. கடைக்காரர் போட்டது ப்ரோ. ஹோம் போட்டிருந்தால் இன்டர்நெட் இணைத்தவுடன் தானாக ஆக்டிவேட் ஆகியிருக்கும். ப்ரோ போட்டதால் அந்தப் பட்டா அதற்குப் பொருந்தவில்லை. ஏதோ ஒரு குறுக்கு வழியில் ஆக்டிவேட் செய்திருக்கிறார்கள். பத்து நாளில் அது கழன்று, திரையின் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று எழுத்து வந்து நின்றுவிட்டது. சொந்த நிலத்தில் குடியிருந்தவரைப் புறம்போக்கில் கொண்டுபோய்க் குடிவைத்த கதை! ப்ரோ பதிப்பின் அசல் விலை பத்தாயிரத்துக்கு மேல். 1,500-க்குக் கிடைக்கிறது என்றபோதே நாம் யோசித்திருக்க வேண்டும். பத்திரமில்லாத மனையை மலிவு என்று யாராவது வாங்குவார்களா? கம்ப்யூட்டர் என்றால் மட்டும் வாங்கிவிடுகிறோம்.

சரி, உரிமத்தை விடுங்கள். செய்யும் முறைக்கு வருகிறேன்.

அப்கிரேடு செய்யும்போது அது ஒரு கேள்வி கேட்கும். சொந்த ஃபைல்கள், புரோகிராம்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளவா, ஃபைல்களை மட்டும் வைத்துக்கொள்ளவா, ஒன்றும் வேண்டாமா? முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் டெஸ்க்டாப்பில் கிடந்தது அங்கேயே கிடக்கும். பிரிண்டர் வேலை செய்யும். பென்ஷன் கணக்கு போட்ட எக்செல் ஃபைல் இருந்த இடத்தில் இருக்கும். புதியது பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போகவும் வழி உண்டு. ஃபார்மட் அடித்தால் திரும்பிப் போக வழி கிடையாது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். வயதானவன் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும், திரும்பி வர வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான் 2019-இல் வாங்கிய என் லேப்டாப்பை இரண்டு வருடத்துக்கு முன் நானே விண்டோஸ் 11-க்கு அப்கிரேடு செய்தேன். முதல் நாள் சாயந்திரம் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தேன். மறுநாள் சாயந்திரம் அப்கிரேடு ஓடவிட்டேன். நடுவில் இரண்டு மூன்று தடவை தானாக அணைந்து எரிந்தது. ராத்திரி சாப்பிட்டு வந்து பார்த்தால் முடிந்திருந்தது. செலவு, கொஞ்சம் கரண்டும் இன்டர்நெட்டும். எழுபது வயதுக்காரன் தனியாகச் செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இளைஞர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். என் அக்காள் பேரன் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். "தாத்தா, கிளீன் இன்ஸ்டால்தான் பெஸ்ட். பழைய குப்பை எல்லாம் போயிடும்" என்கிறான். குப்பை போகும் என்பது உண்மை. ஆனால் எது குப்பை என்று யார் முடிவு செய்வது? அவனுக்கு எல்லாமே இன்டர்நெட்டில் எங்கோ ஒரு சேமிப்பில் இருக்கிறது. கம்ப்யூட்டரைத் துடைத்தாலும் மறுநாள் எல்லாம் திரும்ப வந்துவிடும். நமக்கு அப்படியா? நமக்கு இருப்பது அந்த ஒரு டிஸ்க். இறந்துபோன தம்பியின் போட்டோவும், செத்துப்போன மென்பொருளின் ஃபைலும், பத்து வருடத்துக்கு முந்தைய வருமான வரிக் கணக்கும் அதில்தான் கிடக்கின்றன. அவனுக்குக் குப்பை, நமக்கு ஆவணம்.

"ஸ்லோ ஆயிடும்" என்பது அடுத்த மறுப்பு. பல லேப்டாப்புகள் மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் குறைந்த ராமும். ஃபார்மட் அடித்தால் ஒரு மாதம் வேகமாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு பழைய கதைதான். அதற்கு எஸ்.எஸ்.டி. போடுங்கள். போடும்போதும் பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே புதியதில் நகலெடுக்கும் முறை இருக்கிறது. குளோனிங் என்பார்கள். அதைச் செய்யச் சொல்லுங்கள். பழைய டிஸ்கைக் கடையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அப்கிரேடு ஓட இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். நடுவில் ஏதாவது தடுக்கலாம், என்னவென்று தேட வேண்டும். ஃபார்மட் என்றால் அரை மணி, முக்கால் மணியில் கதை முடிந்தது. ஒரு நாளைக்குப் பத்து கம்ப்யூட்டர் வரும் இடத்தில், 300 ரூபாய் கூலிக்கு மூன்று மணி நேரம் உட்கார யாருக்கும் கட்டாது. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால், "நேரம் ஆகும், கூலி கூட ஆகும்" என்று சொல்லட்டும். நாம் கொடுப்போம். அவருக்கு வசதியான வழியை நமக்கு நல்ல வழி என்று சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஃபுல் தேவைப்படும் இடமும் உண்டு. மீட்டர் கேஜ் தண்டவாளத்தை வைத்துக்கொண்டு அதன்மேல் பிராட் கேஜ் ரயிலை ஓட்ட முடியாது. விழுப்புரம் ஜங்ஷனில் அந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள் நாம். பிடுங்கிப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதேபோல் 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர் விண்டோஸ் 11-க்கு வர வேண்டுமென்றால் புதிதாகத்தான் நிறுவ வேண்டும், அது 64 பிட்டில் மட்டுமே வருகிறது. வைரஸ் உள்ளே ஊறிப்போன கம்ப்யூட்டர், திருட்டுப் பதிப்பு போட்ட கம்ப்யூட்டர், பிறருக்கு விற்கப்போகும் கம்ப்யூட்டர், இவற்றுக்கும் துடைப்பதே சரி. உதிரிபாகம் வாங்கிச் சேர்த்த அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் உரிமமே இருக்காது. அங்கே ஃபுல் உரிமம் காசு கொடுத்து வாங்குவதுதான் முறை. அப்படிக் கடையில் தனியாக வாங்கிய உரிமத்தை நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்போடு வந்தது அந்த லேப்டாப்போடுதான் போகும். விண்டோஸ் 7-லேயே தங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பழைய எண்ணை வைத்துப் புதியதை ஆக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. சலுகையைத் தள்ளிப்போட்டால் அது காத்திருக்காது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைப் பிராசசராவது வேண்டும் என்பது நிபந்தனை. 2017-க்கு முன் வாங்கியவை பெரும்பாலும் தேறாது. நல்ல நிலையில் இருக்கும் பொருளைக் குப்பைக்குத் தள்ளும் இந்த நிபந்தனையை நான் ஏற்கவில்லை. ஆனாலும் பதற வேண்டாம். 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்தது என்றால் அன்றைக்கே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அர்த்தம். 2026 அக்டோபர் 13 வரை அந்தத் திருத்தங்களை மட்டும் நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசே கேட்பதில்லை. பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் இதைச் செய்துகொள்ளுங்கள். அதற்குள் நிதானமாக முடிவெடுக்கலாம். லினக்ஸ் போடுவதும் நல்ல வழிதான், ஆனால் நகல் எடுத்த பிறகு.

கடைக்குப் போகும்போது நான்கு விஷயங்களை மறக்காதீர்கள். போவதற்கு முன் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்து, ஹோமா ப்ரோவா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் வெளி டிஸ்கிலோ பென் டிரைவிலோ நகலெடுத்து வீட்டில் வையுங்கள். "அப்கிரேடு செய்யுங்க, முடியலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க, கேட்காம ஃபார்மட் அடிக்காதீங்க" என்று வாயால் சொல்லுங்கள். புதிதாக நிறுவினால், கடைக்காரரின் மின்னஞ்சல் கணக்கில் உங்கள் கம்ப்யூட்டரைத் திறக்க விடாதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும். உங்கள் பெட்டியின் சாவி ஊரார் வீட்டில் இருக்கலாமா?

நகல் எடுப்பது என்றவுடன் செம்பியன் மாதேவி நினைவுக்கு வருகிறார். நம் திருவக்கரை உட்படப் பல ஊர்களில் கோயில்களைக் கற்றளியாகக் கட்டிய சோழ அரசி. திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் கட்டியபோது, பழைய கல்வெட்டுகளை எல்லாம் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டிவைத்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே, இடிப்பதற்கு முன் படி எடுக்க வேண்டும் என்ற புத்தி இருந்திருக்கிறது. இன்றைக்கு அதைக் கேட்டால் "டி டிரைவ்ல இருக்கும் சார்" என்கிறார்கள்.

டி டிரைவில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் அந்த லேப்டாப் வாங்கியபோது சம்பந்தியின் மகன், அதாவது என் மாப்பிள்ளை, அதுவரை எழுதியிருந்ததை அங்கே ஒரு படி எடுத்து வைத்திருந்தார். அதைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த கிறுக்கலாக இருந்தது. கடையில் கேட்டதற்கு, "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார், டெலீட் பண்ணிடுங்க" என்றார்களாம். அதனால்தான் என் லேப்டாப்பையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

கெட்டுப்போகவில்லை. சம்பந்தி தட்டச்சு செய்தது வானவில் அவ்வையார் எழுத்துருவில். நம் அரசு அலுவலகங்களில் பல வருடம் புழங்கியது அதுதான். 2010 ஜூனில் அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்ட பிறகும், பழகிய கை பழகிய விசையைத்தான் தேடும். அந்த மாதிரி ஃபைலில் தமிழ் எழுத்து எழுத்துருவுக்குள் இருக்கிறது. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. ஃபார்மட் அடித்தபோது எழுத்துருவும் சேர்ந்து போய்விட்டது. அப்கிரேடில் அது போகாது. ஆபீஸ் காலத்துக் கோப்புகளைப் படிக்க நான் வைத்திருந்த அதே எழுத்துரு, அப்கிரேடு ஆன என் லேப்டாப்பில் அப்படியே இருந்தது.

பென் டிரைவில் போட்டு என் லேப்டாப்பில் திறந்தேன். ஏரி உடைந்த அத்தியாயம் தமிழில் வந்தது. சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என் கண்ணும் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2019 வரை எழுதியது கிடைத்தது. அதற்குப் பிறகு எழுதிய ஆறு வருட வேலை போய்விட்டது. எஸ்.எஸ்.டி.யில் அழித்துவிட்டு, இரண்டு வாரம் அதன்மேல் வேலையும் செய்த பிறகு, மீட்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அந்த ஆறு வருடத்தில் அவரிடம் பேசிய பெரியவர்களில் மூன்று பேர் இன்றைக்கு இல்லை. அவர்களிடம் மறுபடி போய்க் கேட்க முடியாது. 1,500 ரூபாய் பெரிய விஷயமில்லை. எனக்குக் கோபம் இதற்குத்தான்.

கிடைத்ததை எல்லாம் மூன்று இடத்தில் நகல் எடுத்தோம். யூனிகோடுக்கு மாற்றியும் ஒரு படி வைத்தோம். அதன் பிறகு, திருட்டு ப்ரோவை நம்பி வைத்திருக்க முடியாது என்பதால், நாங்களே அதைத் துடைத்துவிட்டு ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவினோம். ஆம், ஃபுல்தான். இன்டர்நெட் இணைத்த சிறிது நேரத்தில் தானாக ஆக்டிவேட் ஆனது. ஒரு பைசா செலவில்லை. பட்டா அவர் பெயரிலேயே இருந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் வரை வந்தார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களே சம்பந்தி" என்றார். கேட்காதது அவர் தவறில்லை. வாகனத்தைச் சர்வீஸுக்கு விட்டால்கூட எதை மாற்றலாம் என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றுகிறார்கள். பதினோரு வருட உழைப்பு இருந்த டிஸ்கைத் துடைக்கும்முன் கேட்கத் தோன்றவில்லை என்றால், அந்த வழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அதை மாற்ற வேண்டியவர்கள் கடைக்குப் போகும் நாம்தான்.

சம்பந்தி மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறார். இந்தத் தடவை ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஒரு படி வந்துவிடுகிறது.